தட்டில் தங்கிய குரல்

ஏடு தேடி ஊர் ஊராக நடந்த பெருமக்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும், அவர்கள் கண்டெடுத்த நூல்களைவிட, அவர்கள் சென்று சேர்வதற்குள் அழிந்துபோன நூல்களே என் நெஞ்சில் நிற்கின்றன. யாழ்ப்பாணம் தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887ஆம் ஆண்டில் கலித்தொகையை அச்சேற்றினார். அதே ஆண்டில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) சீவக சிந்தாமணியை வெளியிட்டார். 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் தொடர்ந்தன. அவர்கள் கைக்கு எட்டாமல் அடுப்பில் எரிந்த ஏடுகள் எத்தனை, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகள் எத்தனை என்று மாணவர்களிடம் ஆண்டுதோறும் வருந்திச் சொல்பவள் நான். ஆனால் என் வீட்டிலேயே அத்தகைய அழிவு ஒன்று நிகழ்ந்தது. அதனை நிகழ்த்தியவளும் நானே.

என் தாய்மாமன் திருவள்ளூரில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தார். ‘சவுண்டு சர்வீஸ்’ என்றால்தான் ஊராருக்கு விளங்கும். தை அமாவாசையன்று வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் நீராட வரும் கூட்டத்துக்கும், சுற்றுவட்டாரத்துத் திருமணங்களுக்கும், காதணி விழாக்களுக்கும், கட்சிக் கூட்டங்களுக்கும் அவர் கட்டிய குழாய்களே பாடின. ஒலிநாடா வந்தபின் அவருடைய இசைத்தட்டுகள் இரண்டு மரப்பெட்டிகளில் உறங்கின. 2004ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அந்த வீட்டைக் காலி செய்தோம். அப்போது நான் பாடவேறுபாடுகள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியிருந்தேன். பழைய சாமான் வாங்க வந்தவர் வினைல் தட்டுகளைக் கிலோக் கணக்கில் எடைபோட்டு எடுத்துக்கொண்டார். கனமான கறுப்புத் தட்டுகளை மட்டும் ஒதுக்கி, “இது பிளாஸ்டிக் இல்லம்மா, எதுக்கும் ஆவாது” என்று கொல்லையில் வைத்துவிட்டுப் போனார். அவை வெயிலில் வளைந்தன. பிள்ளைகள் எறிந்து விளையாடியதில் உடைந்தன. ஒரு தட்டின் பெயர்ச்சீட்டைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கை அது.

இசைத்தட்டும் ஒரு சுவடியே. அதில் இருப்பது ஒரு பாடலின் ஒரு பதிப்பு; ஒரு நாளில், ஓர் அறையில், ஒருவர் குரலில் அமைந்த பதிப்பு. ஏட்டைப் படியெடுத்துக் காத்ததுபோல் தட்டையும் படியெடுத்தாலன்றி அது நிலைக்காது. இதனைக் காலங்கடந்து உணர்ந்தவள் என்ற முறையில், தமிழிசைத்தட்டின் வரலாற்றையும், அதனைத் தேடுவோர் செய்ய வேண்டுவனவற்றையும், கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரக்கில் பதிந்த தமிழ்

1902ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்தார். பாடகி கௌஹர் ஜான் உள்ளிட்டோரின் குரல்களை அவர் பதிவு செய்தார். மெழுகில் பதிந்த அக்குரல்கள் கப்பலேறி, ஜெர்மனியின் ஹனோவர் நகரத்து ஆலையில் தட்டுகளாகி, மீண்டும் கப்பலேறி இந்தியாவுக்கு விற்பனைக்கு வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்தபின் இந்த நெடும்பயணம் தேவையற்றதாயிற்று. பின்னர் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. அந்த முதற்பத்தாண்டிலேயே ஒலிப்பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர். சேலம் கோதாவரி போன்றோரின் குரல்கள் அவ்வாறு தட்டேறியவை.

அந்நாளைய தட்டின் உடல் அரக்காலும் கற்பொடியாலும் கரியாலும் ஆனது. உலகத்துக்கே அரக்கு வழங்கிய நிலங்களுள் சோட்டா நாகபுரிக் காடுகள் முதன்மையானவை. பாரதக் கதையில் அரக்கு மாளிகை ஐவரை எரிப்பதற்கென்று கட்டப்பட்டது. இங்கேயோ அதே அரக்கு குரலைக் காப்பதற்கு உதவியது. எனினும் அரக்கின் இயல்பு மாறவில்லை. கீழே விழுந்தால் உடையும், வெயிலில் வளையும், எஃகு ஊசி உராயுந்தோறும் தேயும். கேட்கக் கேட்க அழிவது என்பதே இத்தட்டின் விதியாக இருந்தது. மிகவும் விரும்பப்பட்ட பாடல்களின் தட்டுகளே மிகவும் தேய்ந்து கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

1920களிலும் 1930களிலும் தமிழ் நாடக மேடையே இசைத்தட்டுக்குப் பாடல்களை வாரி வழங்கியது. 1932இல் ஏ. வி. மெய்யப்பன் தம் நண்பர்களுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார், ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர். மேடைப்பாட்டும் இசைத்தட்டும் விடுதலைப் போராட்டக் காலத்தில் மக்களிடம் ஆற்றிய பணியைச் சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் விரித்துரைத்துள்ளார். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்ற பாடலாசிரியர்களின் சொற்கள் பட்டிதொட்டியெல்லாம் சென்றதற்கு மேடையோடு தட்டும் துணை நின்றது.

தட்டின் அருமையை உணர்த்த ஒரு பெயரே போதும். செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், தம் 27ஆம் வயதில் மறைந்தார். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இலேயே வந்துவிட்டது. ஆயினும் கிட்டப்பா திரையில் தோன்றியதில்லை. அவரை மேடையில் கேட்டவர்கள் மறைந்துவிட்டனர். இன்று அவர் குரலைக் கேட்க வேண்டுமாயின், அவர் பாடிய தட்டு எங்கேனும் உடையாமல் இருந்திருக்க வேண்டும். அதனை யாரேனும் படியெடுத்திருக்க வேண்டும். வேறு வழியில்லை.

மூன்றரை நிமிட இலக்கணம்

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது மூன்றரை நிமிடமே இடமுண்டு. விடிய விடிய நடந்த மேடையில், மக்கள் ‘மீண்டும்’ என்று கேட்கும்வரை நீண்ட விருத்தம், தட்டில் இந்த அளவுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. நீண்ட பாடல் ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என இருபக்கமும் பிளவுபட்டது. சரணங்கள் சில விடப்பட்டன, ஆலாபனை சுருங்கியது. இன்று நாம் திரைப்பாடலுக்கு இயல்பென்று கருதும் நீளத்துக்கு அடிப்படை, கவிஞர் வகுத்த இலக்கணமன்று. அரக்குத் தட்டின் அகலமே எனலாம்.

இதனால் நேர்ந்த இழப்பு ஒன்று நுட்பமானது. நம் கீர்த்தனை மரபில், இயற்றியவர் தம் பெயரையோ முத்திரையையோ பெரும்பாலும் இறுதிச் சரணத்தில் வைப்பார். இடமின்மையால் அச்சரணம் விடப்பட்டால், பாடலோடு பிணைந்திருந்த ஆசிரியர் பெயரும் அறுந்துபோகும். தட்டின் நடுவில் ஒட்டிய பெயர்ச்சீட்டோ நிறுவனத்தின் பெயர், தட்டின் எண், பாடியவர் பெயர், மொழி, இராகம், தாளம் ஆகியவற்றைத் தாங்கியது. எழுதியவர் பெயர் பல பழைய தட்டுகளில் இல்லை. 1902இல் பாடியவர்கள் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார்கள். ஹனோவர் ஆலையில் மொழியறியாதோர் பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு அது உதவிற்று. பாடியவருக்கு அந்த வாய்ப்பேனும் இருந்தது. எழுதியவருக்காகப் பெயர் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

ஆகவே தட்டைத் தேடுபவர் அதனோடு பாட்டுப் புத்தகங்களையும் தேட வேண்டும். நாடகக் கொட்டகையிலும் திரையரங்கு வாயிலிலும் காசுக்கு விற்ற அச்சிறு நூல்களில், தட்டில் விடுபட்ட சரணமும் ஆசிரியர் பெயரும் கிடைக்கக்கூடும். தட்டையும் நூலையும் ஒப்புநோக்குவது சுவடி ஒப்புநோக்குவதற்குச் சற்றும் குறைந்த பணியன்று.

பேர் பெறாத சிறு தட்டுகள்

1948இல் அமெரிக்காவில் நெடுநேரம் ஓடும் வினைல் தட்டும், 1949இல் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் ஏழங்குலச் சிறு தட்டும் வந்தன. மேலைநாடுகள் அரக்குத் தட்டைக் கைவிட்ட பின்னும் இந்தியாவில் அது 1960களிலும் தொடர்ந்தது. மின்சாரம் இல்லாத ஊர்களில், சாவி முடுக்கும் பெட்டிகள் அப்போதும் பாடிக்கொண்டிருந்தன. ஆங்கில இளைஞர் குழுவான பீட்டில்ஸின் பாடல்கள்கூட டம்டம் ஆலையில் அரக்குத் தட்டில் அச்சாயின. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று பெருவிலை கொடுத்துத் தேடும் பொருள்களுள் அவையும் அடங்கும்.

அச்சேகரிப்பாளர்களின் வழக்கம் ஒன்று நாம் அறியத் தக்கது. 1960களின் நடுவில் அமெரிக்கச் சிற்றூர்களின் பிள்ளைகள், வீட்டின் கார் நிறுத்தும் கொட்டகையில் கிட்டாரும் முரசும் வைத்துப் பாடிப் பழகினர். கைக்காசைச் சேர்த்துச் சில நூறு சிறு தட்டுகள் அச்சிட்டு, ஊர் வானொலியில் ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்து, பிறகு வேலைக்கும் படைக்கும் சென்றனர். அதனால் அவ்விசைக்குக் கொட்டகையின் பெயரான ‘கேரேஜ்’ என்பதே பெயராயிற்று. அதனை அடுத்து, மயக்க நிலையை ஒலியாக்க முயன்ற ‘சைக்கடெலிக்’ இசை வந்தது. சிதாரின் ஒலியும் அதில் கலந்தது. நாடு மறந்த அத்தட்டுகளுட் சிலவற்றை லென்னி கே என்பவர் 1972இல் ‘நக்கெட்ஸ்’ என்னும் தொகுப்பாக வெளியிட்டார். பேர் பெறாதவர் பாடிய ஒரே பாட்டுக்கும் வரலாற்றில் இடமுண்டு என்று அத்தொகுப்பு காட்டிற்று. அதன்பின், எவரும் கேளாத தட்டைத் தேடுவதே ஒரு கலையாக வளர்ந்தது. நம் சங்கத் தொகைநூல்களில் ஒரே பாடலால் நின்ற புலவர்கள் பலர் உண்டு. சிலருக்கு அப்பாடலின் தொடரே பெயராயிற்று. எனவே இந்த மனநிலை நமக்குப் புதிதன்று.

இந்தியாவிலும் இத்தகைய இசை எழுந்தது. ஒரு சிகரெட் நிறுவனம் நடத்திய ‘சிம்லா பீட்’ என்னும் அகில இந்தியப் போட்டியில் பாடிய குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளுக்கும் நெடுந்தட்டுகளாக வெளிவந்தன. ஷில்லாங்கின் ‘ஃபென்டோன்ஸ்’, கல்கத்தாவின் ‘கிரேட் பேர்’ ஆகியவற்றோடு நம் மதராஸின் ‘கன்பியூஷன்ஸ்’ குழுவும் அவற்றுள் இடம்பெற்றது. அவர்கள் பாடியது ஆங்கிலத்தில். மேலைநாட்டு இசையின் நிழல் அதில் தெளிவாக விழுந்திருந்தது. அதனால் அன்று நம் இலக்கிய மேடைகள் அதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாளில் அயல்நாட்டார் அத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுவெளியீடு செய்தபோதுதான், நம் நகரத்து இளைஞர் ஒரு காலத்தில் இப்படியும் பாடினர் என்று நம்மவரே அறிந்தனர். நம் தட்டை நமக்குமுன் பிறர் மதித்தனர் என்பது பெருமையா, நாணமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம்.

ஈழத்துத் துள்ளிசை

இதே காலத்தில், தமிழிலேயே பாடிய ஓர் இளைஞர் இசை கடலுக்கு அப்பால் பிறந்தது. ஈழத்தவர் அதனைப் ‘பொப் இசை’ என்றும் ‘துள்ளிசை’ என்றும் வழங்குவர். போர்த்துக்கீசர் காலத்திலிருந்து வந்த பைலா இசையின் தாளமும், கிட்டாரும், யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழும் கலந்தது அது. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’ அதற்கு வாயில் திறந்தது. எம். பி. பரமேஷ் போன்றோர் தொடர்ந்தனர். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ என்ற பாடலால் தமிழகமெங்கும் அறியப்பட்டு, 2018இல் சென்னையிலேயே மறைந்தார். 1970 முதல் 1977 வரையிலான ஆட்சிக்காலத்தில் இந்திய இதழ்கள் முதலியவற்றின் இறக்குமதிக்கு இலங்கையில் கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர் எழுத்தும் இசையும் தம் காலில் நிற்க அது ஓரளவு இடந்தந்தது. தமிழகத்தில் திரைப்பாட்டு ஏனைய பாட்டையெல்லாம் விழுங்கிய நாளில், ஈழத்தில் திரை சாராத தமிழ்ப்பாட்டு, சிறு தட்டுகளிலும் இலங்கை வானொலியிலும் உயிர்த்திருந்தது.

அத்தட்டுகள் இன்று அரியவாயின. காரணம் ஊசியின் தேய்மானம் மட்டுமன்று. 1981 சூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின என்பதை நாம் அறிவோம். வீடுகளில் எரிந்தவற்றுக்குக் கணக்கில்லை. 1983க்குப் பின் உயிரைக் கையிற்பிடித்துப் படகேறியவர்கள் இசைத்தட்டைச் சுமந்து வந்திருக்க இயலாது. பாட்டை மட்டும் நெஞ்சில் சுமந்து வந்தனர்.

இச்செய்தி எனக்கு நூலில் கிடைத்ததன்று, கும்மிடிப்பூண்டியில் கிடைத்தது. அங்குள்ள சிப்காட் வளாகத்தின் உருக்காலைகளுக்குப் பல ஊர்களிலிருந்தும் பழைய இரும்பு வந்து குவிகிறது. சாலையோரக் கடைகளில் இரும்பைப் பிரித்தபின் மிஞ்சும் மரமும் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் தனித்தனியே கிடக்கும். ஓர் ஆலையின் எடைமேடையில் பணிபுரியும் என் பழைய மாணவர், மூன்றாண்டுகளுக்கு முன் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, “அம்மா, நீங்க வகுப்பில் சொன்ன பாட்டுத் தட்டு ஒண்ணு இங்கே இரும்புக்குள்ளே கிடக்கு” என்றார். உடைந்த ரேடியோகிராம் ஒன்றின் அடியில் ஏழங்குலத் தட்டுகள் பதினொன்று இருந்தன. தமிழ், தெலுங்குத் திரைப்பாடல்கள் பத்து. எல்லையோர ஊருக்கு அது இயல்பே. பதினோராவது தட்டில் பெயர்ச்சீட்டு உரிந்துபோயிருந்தது. ஊசி வைத்தபோது கிட்டாரும் தபேலாவும் ஒலிக்க, ஓர் இளைஞர் ஈழத்துத் தமிழில் பாடினார்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உண்டு. அகதிகள் முகாம் என்று நெடுங்காலம் வழங்கிய பெயரை 2021இல் தமிழக அரசு மாற்றியது. என் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி அம்முகாமில் வாழ்பவள். படியெடுத்த பாடலை அவள் பாட்டியிடம் கொண்டு சென்றேன். முதலடி முடியுமுன்னே அம்மூதாட்டி உடன்பாடத் தொடங்கினார். இரண்டாம் சரணத்தில் கையுயர்த்தி நிறுத்தச் சொன்னார். “டீச்சர், நாங்கள் படிச்சது இப்பிடி இல்லை” என்றார். ஈழத்தில் பாடுவதையும் ‘படித்தல்’ என்பர். தட்டில் ஒரு சொல் வேறாக இருந்தது. அதற்குமேல், தட்டில் இல்லாத மூன்றாம் சரணம் ஒன்றையும் அவர் பாடினார். தட்டில் இடமின்றி விடப்பட்டதா, ஊரார் பின்னர்ச் சேர்த்துப் பாடியதா என்று என்னால் துணிந்து கூற இயலாது. பத்தாண்டுகள் பாடவேறுபாட்டை ஏட்டில் தேடியவளுக்கு அது தகரக் கூரையின்கீழ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், குரலாக எதிரே அமர்ந்திருந்தது.

பாடி முடித்தபின் அவர் என்னிடம் கேட்டார்: “இதை ஆர் எழுதினது, டீச்சர்?” நான் தலைகுனிந்திருந்தேன். பெயர்ச்சீட்டு இல்லாத தட்டு விடைசொல்லவில்லை.

படியெடுக்கும் முறை

தட்டிலுள்ள ஒலியைக் கணினிக் கோப்பாக மாற்றுவதை எண்மமாக்கல் என்கிறோம். ஏடு பெயர்த்தெழுதுபவருக்கு இருந்த ஒழுங்குகள் இதற்கும் பொருந்தும்.

முதலாவது, மூலத்தைக் கெடுக்காமை. அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள நீர்மத்தால் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரும் மென்துணியும் போதும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிறுத்தி வைத்தல் வேண்டும். பழைய பெட்டியின் எஃகு ஊசியால் அரிய தட்டை ஒருமுறை ஓட்டினாலும் அது ஒருபடி தேயும்.

இரண்டாவது, தக்க கருவி. அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசிமுனை வேண்டும். வினைலுக்கு ஏறத்தாழ ஒரு பங்கே போதும். வினைல் ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியிலுள்ள தூசியைக் கிளறி இரைச்சலையே தரும். 78 என்ற சுழற்சி வேகமும் தொடக்கத்தில் பெயரளவுக்கே. பழைய தட்டுகள் பலவற்றின் வேகம் அதற்குக் கூடியும் குறைந்தும் உள்ளது. வேகம் தவறினால் சுருதி தவறும், ஆண்குரல் பெண்குரலாகும். இசையறிந்தவர் ஒருவர் அருகிருந்து சுருதி பார்ப்பது நன்று.

மூன்றாவது, உள்ளதை உள்ளவாறே பதிதல். நொடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட் என்ற அளவில், சுருக்கப்படாத கோப்பாக மூலப்படியைச் சேமிக்க வேண்டும். எளிதில் அனுப்பத்தக்க எம்பி3 கோப்பு கேட்பதற்கு மட்டுமே, காப்பதற்கன்று. கீறல் ஒலியையும் இரைச்சலையும் நீக்கும் மென்பொருள்கள் இன்று மலிந்துள்ளன. அவற்றை அளவின்றிப் பயன்படுத்தினால் இரைச்சலோடு மூச்சும், மெல்லெழுத்தின் ஓசையும் போகும். சிதைந்த இடத்தில் தம் சொல்லை நிரப்பும் பதிப்பாசிரியரை நாம் ஏற்போமா? தூய்மை செய்த படி வேறாகவும், கீறலோடு கூடிய மூலப்படி வேறாகவும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, பெயரும் எண்ணும். பெயர்ச்சீட்டையும் உறையையும் படம் எடுக்க வேண்டும். பாடல் முடிந்தபின் பெயர்ச்சீட்டைச் சூழ்ந்துள்ள வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணையும் தவறாமல் குறிக்க வேண்டும். அதுவே தட்டின் பிறப்புக்குறிப்பு. பெயர்ச்சீட்டு உரிந்தாலும் அது அழியாது. மைக்கேல் கின்னியர் என்னும் ஆய்வாளர் இத்தகைய எண்களைக் கொண்டே கிராமபோன் நிறுவனத்தின் தொடக்ககால இந்தியப் பதிவுகளுக்குப் பட்டியல் தொகுத்து 1994இல் வெளியிட்டார்.

ஐந்தாவது, பகிர்தல். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளிவந்ததற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். அவ்வகையில் 1960இல் வெளியான ஒரு பதிவின் உரிமை 2020 முடிவோடு நீங்கிற்று. ஆயினும் பாடலின் சொல்லுக்குரிய உரிமை தனி. அது கவிஞர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நிற்கும். ஒலிப்பதிவின் உரிமை நீங்கியதாலேயே கவிஞரின் உரிமையும் நீங்கிவிட்டதென்று கருதலாகாது. பகிர்வதற்குமுன் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இப்பணியில் நாம் தனித்தில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் வாழ்நாள் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் அமைந்த சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இத்தகைய பொருள்களையும் காத்து வருகிறது. மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தொழில் வேறாயினும் ஆர்வம் ஒன்றாகியவர்களை இணைத்தது. ஈழத்து நூல்களை எண்மமாக்க 2005இல் எழுந்த ‘நூலகம்’ திட்டம் குரல்களையும் தன் கடனாக ஏற்றுள்ளது.

நிறைவாக

தேடுதல் வேறு, பதுக்குதல் வேறு. ஒரே படி ஒரே பெட்டியில் இருக்குமாயின், பெட்டிக்கு உரியவர் எத்துணை அன்புடையவராயினும் அப்பாடல் ஒரு மழைக்கும் ஒரு வீடு மாற்றத்துக்கும் அஞ்சியே வாழும். என் மாமன் தம் தட்டுகளைக் கண்போல் காத்தார். அவர் கண்மூடியதும் நான் அவற்றை எடைக்குப் போட்டேன். படியெடுத்தலே காத்தல். ஏடு காத்த நம் முன்னோர் கைக்கொண்ட நெறியும் இதுவே.

நம் வட்டம் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடுகிறது. இங்கே படிக்கப்பெற்ற கவிதைகள் பல, படித்தவர் குரலில் பதியப்பெறவில்லை. அவ்வாறு படித்து மகிழ்வித்தவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. இனிவரும் கூட்டங்களிலேனும் ஒரு பதிவுக்கருவி மேசைமேல் இருக்கட்டும். ஒவ்வொரு கவிதைக்கும் முன் எழுதியவர் பெயரும் நாளும் உரக்கச் சொல்லப்பெறட்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். தட்டு கிடைத்தால் எறிய வேண்டா. எனக்கு ஒரு சொல் அனுப்பினால் நானே வந்து படியெடுத்துத் தட்டைத் திருப்பித் தருவேன்.

பெயர்ச்சீட்டு உரிந்த அந்தப் பதினோராவது தட்டை நம் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். பாட்டியம்மாள் பாடிய மூன்றாம் சரணமும் உடன் வரும். கேட்டு, எழுதியவர் இன்னாரென்று அறிந்தவர் எவரேனும் இருப்பின் சொல்ல வேண்டுகிறேன். கும்மிடிப்பூண்டியில் ஒருவர் அந்த விடைக்காகக் காத்திருக்கிறார்.